தன் குழாயில் வரிசை நின்றவர்

டீச்சரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவர் கையிலிருந்த நீல பிளாஸ்டிக் குடம்தான். அவர் வீட்டு போர்வெல், அவர் வீட்டு மோட்டார், கரண்ட் பில் கட்டுகிறவரும் அவர். ஆனால் விடியற்காலையில் தெருக்குழாயில் நாங்கள் வரிசையாக நிற்கும்போது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எங்களுக்கு நடுவில் அவரும் நிற்பார். முன்னால் போங்கள் என்று வழிவிடுவோம். போக மாட்டார். "எதுக்குப் போகணும்? ஒரு காரணம் சொல்லுங்க" என்பார். பல் விளக்காத வாயோடு நிற்கிற ஜனத்திடம் காரணம் கேட்டால் எங்கே போகும்?

காரணம் சொல்லுங்க. அதுதான் அவர் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை. காய்க்காரம்மா கறிவேப்பிலை கொசுறு போட்டாலும் கேட்பார், அடுத்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டாலும் கேட்பார். கெட்டது செய்தவனிடம் காரணம் கேட்கிறவர்கள் ஊரில் உண்டு. நல்லது செய்தவனை நிறுத்திவைத்துக் காரணம் கேட்கிறவரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். "சும்மாதான் டீச்சர்" என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் வாடிப்போகும். சும்மா என்பது ஒரு காரணமே இல்லையாம்.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலேஜில் அரசியல் பாடம் நடத்தினாலும் எங்களுக்கு அவர் டீச்சர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான்கூட ஒரு தடவை கேட்டுவிட்டேன். "செய்யறதுக்கு ஒரு நல்ல காரணம் கெடைக்கல யக்கா" என்றார். கழுகுமலைப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் வீடு கட்டினார். எதிர் வீடு எங்களுடையது. மெயின் ரோட்டில் எனக்கு மெடிக்கல் ஷாப்.

தெரு என்று சொல்வது மரியாதைக்கு. கோவில்பட்டிக்கு வெளியே, பருத்தி விளைந்த கரிசல் காட்டை பிளாட் போட்டு விற்ற இடம் அது. கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழைக்கு ஊதும். எந்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவரிலும் விரிசல் இல்லாமல் இருக்காது. முனிசிபாலிட்டிக் குழாய் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. எந்த வீட்டில் போர் போட்டாலும் உப்புத் தண்ணீர். குளித்தால் சோப்பு நுரைக்காது, அடுப்பில் வைத்தால் பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீர் வண்டியில் வந்தால் உண்டு.

டீச்சர் போர் போட்ட அன்று நீரோட்டம் பார்க்கிறவரை அவர் அப்பா வரவழைத்திருந்தார். வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு மனை முழுக்க நடந்து, வடகிழக்கு மூலையில் நின்று, "இங்கன போடுங்க" என்றார். டீச்சர் கேட்டது ஒரே கேள்விதான். "தேங்காய்க்கு எப்படித் தெரியும்?" அத்தனை வருஷத் தொழிலில் அந்த மனுஷனிடம் அதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. தேங்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். குழாய் நீளம் குறையுமே என்று டீச்சர் வாசல் பக்கத்தில் ஒரு இடத்தைக் கைகாட்டினார். அங்கே போட்டார்கள். இளநீர் மாதிரித் தண்ணீர் வந்தது.

தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்குக் கையை ஏந்திக் குடித்துப் பார்த்தோம். "குடுத்து வச்சவ" என்று வாய் நிறையச் சொன்னோம். அந்த வார்த்தைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அவர் எப்போதுமே உட்கார்ந்து யோசிக்கிற ஆள் இல்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்.

"யக்கா, பத்தடி தள்ளித் தோண்டியிருந்தா இதுவும் ஒங்க வீட்டுத் தண்ணி மாதிரிதான் இருந்திருக்கும். நான் ஒண்ணுமே செய்யல. அப்போ இது எனக்குச் சொந்தம்னு எப்படிச் சொல்லுதது?"

"பட்டா இருக்குல்லா டீச்சர்."

"பட்டா சர்க்கார் குடுத்தது. சர்க்கார்னு ஒண்ணு வாறதுக்கு முந்தி இந்தத் தண்ணி யாருக்கு?"

எனக்குக் கடையில் கூட்ட நேரம். "முந்தி இங்கன ஒடமுள்ளுக் காடுதான் கெடந்துச்சு. நரிக்குச் சொந்தமா இருந்திருக்கும்" என்றேன். கேலிக்குத்தான் சொன்னேன். அவர் நின்று, அதையும் யோசித்து, "நரிக்கும் பங்கு இருந்திருக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு இதையெல்லாம் பேச ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முந்திச் செத்துப்போன வெள்ளைக்காரர்கள். அரசனும் கோவிலும் சொல்வதை ஓரமாக வைத்துவிட்டு, மனுஷனாகப் பிறந்தவனுக்கு இயற்கையிலேயே ஒரு நியாயம் உண்டா, அது அறிவிலிருந்து வருகிறதா மனசிலிருந்து வருகிறதா என்று ஆயுசு பூராவும் அடித்துக்கொண்டவர்கள். டீச்சர் அவர்களைச் சம்பந்தி வீட்டு ஆட்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். "அந்த ஜெர்மன்காரர் ஒத்துக்க மாட்டாரு யக்கா." "ஸ்காட்லாந்துக்காரருக்கு எல்லாம் மனசுதான்." ஆரம்பத்தில் அவருக்கு வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருப்பதாகவே தெருவில் பாதிப் பேர் நினைத்திருந்தோம். அவர் அப்பாதான் ஒரு நாள் விளக்கினார். "எல்லாம் செத்தவிய. உயிரோட இருக்கவிய கூட எம் மகளுக்குப் பேச்சு ஒத்து வராது."

ஜெர்மன்காரரால் எனக்கே ஒரு தொந்தரவு வந்தது. என் கடைக்கு வழக்கமாக வருகிற ஒருவரின் மனைவிக்குப் பெரிய வியாதி. அந்த அம்மாவிடம் வியாதியைச் சொல்லவில்லை. மாத்திரை அட்டையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவர் அழுத அழுகையில், நான் மாத்திரைகளைப் பிரித்து ஒரு சத்து மாத்திரை பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லிட்டீங்களே யக்கா."

"நான் எங்க சொன்னேன்? பாட்டில மாத்தினேன்."

"எல்லாரும் இப்படி பாட்டில மாத்துனா, நாளைக்கு ஒங்க கடையில எந்த பாட்டில நம்பி வாங்குதது? ஜெர்மன்காரர் இதுக்குச் சம்மதிக்கவே மாட்டாரு."

"அவர வந்து என் கல்லாவுல ஒரு நாள் ஒக்காரச் சொல்லுங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் டீச்சர் காலேஜுக்கு ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். நல்ல வெயிலில், நேர்வழி இருக்கும்போது. என்ன டீச்சர் இது என்று கேட்டேன். நேர்வழியில் அந்த அம்மாவின் வீடு இருந்தது. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாராம், போகிறவர் வருகிறவரிடம் பேச்சுக் கொடுப்பாராம். "கேட்டா நான் உண்மையச் சொல்லிருவேன். அதான் அந்தப் பக்கம் போறதில்ல." அந்த அம்மா காலமாகும்வரை சுற்றுவழியிலேயே போனார். இந்த மனுஷியைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு அடிக்கடி குழம்பும்.

என் கடையில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் கேட்டாலும் மாட்டேன். "ஒங்க கடையில விதின்னு ஒண்ணு இருக்குதுன்னா அது இதுதான் யக்கா" என்று மெச்சுவார்.

போர் போட்ட ஒரு வாரத்தில் அவர் காம்பவுண்டுச் சுவரை உடைத்துத் தெருப்பக்கம் ஒரு குழாய் வைத்தார். வீட்டுக்குள் போகிற இணைப்பை அடைத்துவிட்டார். குளிக்க, துவைக்க அவருக்கும் உப்புத் தண்ணீர்தான், அதற்கென்று தனியாக இன்னொரு போர். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் அவரும் தெருவுக்குத்தான் வர வேண்டும். குழாய் வைத்த மறுநாளே சண்டை. ஒருத்தி டிரம் கொண்டு வந்தாள். ஒருத்தர் சின்டெக்ஸ் டேங்குக்கு ஓஸ் போட்டார். டீச்சர் எங்களையெல்லாம் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்தார்.

"இந்தத் தெருவுல சட்டம், போலீஸ், முனிசிபாலிட்டி ஒண்ணுமே இல்லன்னு வச்சுக்கிடுங்க" என்று ஆரம்பித்தார்.

மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன அண்ணாச்சி ஒருவர் தெருவுக்குப் பெரிய மனுஷர். "வைக்கவே வேண்டாம் டீச்சர். இல்லதான்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. பேசிப் பேசி, எல்லார் வாயாலும் சம்மதம் என்று சொல்ல வைத்து, வீட்டுக்கு இரண்டு குடம் என்று முடிவு செய்தோம். சொந்தக்காரர் வரிசையில் நிற்கிறார் என்றால் மற்றவர்கள் எப்படி முந்துவது? சண்டை நின்றுவிட்டது.

அப்புறம் குட்டியானைக்காரர் வந்தார். தண்ணீர் கேன்களைக் குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றி ஊருக்குள் விற்கிறவர். ஒரு மத்தியானம் குழாய் சும்மா இருக்கிறது என்று எல்லாக் கேனையும் நிரப்பிக்கொண்டிருந்தார். டீச்சர் போய்க் கேட்டதற்கு அந்த ஆள் அசரவில்லை.

"தண்ணி எல்லாத்துக்கும் பொதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னது? காத்தும் பொதுதான். அதப் பிடிச்சு டயர்ல அடைக்கவன் காசு வாங்குதாம்லா? நான் தண்ணிக்கு வாங்கல. சொமந்ததுக்கு வாங்குதேன்."

எங்களுக்கு வயிறு எரிந்தது. டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நேராகக் கடைக்கு வந்து, "யக்கா, ஒரு இங்கிலீஷ்காரர் இதச் சொல்லதுக்கு எத்தனை பக்கம் எழுதினாரு தெரியுமா? இவரு டயர வச்சே முடிச்சிட்டாரு" என்கிறார். பதில் கிடைக்கும்வரை அந்த ஆளைத் தடுக்கவும் மாட்டேன் என்றார். ஒரு வாரம் குட்டியானை வந்து போனது. டீச்சர் வாசலுக்கும் கரண்ட் கம்பத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஒரு நாள் பதிலைக் கண்டுபிடித்துவிட்டார். எடுக்கலாம், ஆனால் அடுத்தவனுக்கு மிச்சம் இருக்கிறவரைதான் எடுக்கலாம்.

"மிச்சம் இருக்கா இல்லையான்னு நீங்க பூமிக்குள்ள எட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டார் குட்டியானைக்காரர்.

மறுபடியும் நடை. நூல்கயிற்றில் ஒரு நட்டைக் கட்டி போருக்குள் விட்டுத் தண்ணீர் மட்டம் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபிட்டர் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த நாள் தன் வண்டியைக் குழாய்க்கு முன்னால் குறுக்கே நிறுத்தி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி, குட்டியானையை விரட்டிவிட்டார். நாங்கள் கைதட்டாத குறைதான். டீச்சர் மட்டும் தோற்றுப்போனவர் மாதிரி நின்றார். "நாம ஜெயிக்கல யக்கா. வெரட்டிட்டோம். ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இன்றைக்கும் யாரையாவது வாயால் அடக்கிவிட்டு வந்தால் அந்தக் குரல் காதில் கேட்கிறது. கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த கோடை மோசமான கோடை. காட்டில் வெடிப்பு கால் நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. டீச்சர் வீட்டு போரில் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் காற்றாக வரும், நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். வண்டித் தண்ணீர் வாங்கலாமே என்பீர்கள். குட்டியானைக்காரர் அன்று போனவர் எங்கள் தெருவையே தள்ளிவைத்துவிட்டார். வேறு வண்டி எப்போதாவது வரும், வந்தால் தெருமுனையிலேயே காலியாகிவிடும்.

தெருக்கோடியில் ஒரு ஷெட் இருந்தது. முன்பு தீப்பெட்டிக் கம்பெனியின் குடோன். அப்போது அதில் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிற வடக்கத்தி ஆட்கள் எட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். பையன்கள் என்றுதான் தெருவில் சொல்லுவோம். அதில் ஒருவருக்கு மீசை நரைத்திருந்தது. அவர்களும் ஒரு வீடு என்று கணக்கு வைத்து இரண்டு குடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்த ஒருவர் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்துக் குடிப்பதை டீச்சர் பார்த்துவிட்டார். அன்றைக்கே விதி மாறியது. வீட்டுக்கு இரண்டு குடம் இல்லை, ஆளுக்கு அரைக் குடம்.

எங்கள் வீட்டில் மூன்று பேர், ஒன்றரைக் குடம். டீச்சர் வீட்டில் இரண்டு பேர், ஒரு குடம். ஷெட்டுக்கு நாலு. தெரு கொதித்துப்போனது.

"நாங்க வரி கட்டுதோம், ஓட்டுப் போடுதோம். அவன் இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் போயிருவான்" என்றார் ஃபிட்டர் அண்ணாச்சி.

"இன்னைக்கு இருக்கவனுக்குத் தாகம் இன்னைக்குத்தான அண்ணாச்சி எடுக்கும்? அவனுக்குக் கொறைய வேணும்னு நீங்க சொல்லுத காரணத்த, அவன் எடத்துல நின்னும் சொல்ல முடியுமா?"

அண்ணாச்சி வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "ஒங்க தண்ணி டீச்சர். ஒங்க இஷ்டம். எங்களுக்கு எதுக்குப் பாடம்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. "எந் தண்ணி இல்லன்னுதான யக்கா நான் இந்தப் பாடு படுதேன்" என்றார். அதற்கப்புறம் சில நாள் தெருவில் யாரும் அவரோடு பேசவில்லை. ஆனால் தண்ணீர் பிடிக்க மட்டும் எல்லோரும் வந்தோம். நாங்கள் அப்படித்தான்.

அவர் அப்பாவோடு எங்களுக்குச் சண்டை இல்லை. கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற எல்லோரிடமும் ஊர்க்கதை பேசுவார். என் மகன் பரீட்சைக்குப் போகும்போது தானே கூப்பிட்டுத் திருநீறு பூசிவிடுவார். ஒரு நாள் என்னிடம் மெல்லச் சொன்னார். "எம் மகளுக்கு எரக்கம் இல்லன்னு நெனைக்காதீங்க. அவ எரக்கத்த நம்ப மாட்டா. அவ சின்னப்பிள்ளையா இருக்கும்போது ஒரு பஞ்சம். எங்களுக்குக் கெணத்துக்காரர் எரக்கப்பட்டுத் தண்ணி விட்டாரு. எங்களுக்கு வேண்டப்பட்டவரு. நாலு வீடு தள்ளி இருந்த சனத்துக்கு விடல. அவியளும் கேட்டாவ, நின்னாவ, போயிட்டாவ. இவ குடத்த வச்சுக்கிட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நின்னா."

அந்தக் கோடையில்தான் அப்பாவுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலி வந்தது. சிறுநீரகக் கல். உப்புத் தண்ணீர் ஒரு வாய்கூட ஆகாது, நல்ல தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீச்சர் தனக்கு உப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒரு குடத்தையும் அப்பாவுக்கே வைத்தார். சமையலும் உப்புத் தண்ணீரிலேயே. அது போதவில்லை. பெரியவர் வலியில் முனகுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இன்னொரு குடம் பிடியுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்று அண்ணாச்சியே போய்ச் சொன்னார். முடியாது என்றுவிட்டார். "எங்கப்பாவுக்குன்னா விதிய மாத்தலாம்னா, அப்பா இருக்க எல்லாரும் மாத்தலாம்லா." அப்போது அவர் கண் சிவந்திருந்தது. அவர் அப்பாவை எவ்வளவு நேசித்தார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பிடிவாதத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. டீச்சர் தன் ஒரு குடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, மற்றவர்கள் பிடிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றார். நான் என் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு, அவர் பக்கத்தில் நான் கொண்டுவந்து வைத்த காலிக் குடத்தில் ஊற்றினேன். என் பங்கு, என் இஷ்டம், விதியில் இதற்குத் தடை இல்லை. அண்ணாச்சி வீட்டம்மா ஒரு செம்பு ஊற்றினார்கள். வரிசையாக எல்லோரும் ஊற்றினார்கள். குடம் தளும்பிவிட்டது. டீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அழப்போகிறார், நாமும் அழலாம் என்றிருந்தேன்.

கையை எடுத்துவிட்டு அவர் கேட்டார். "இத எதுக்கு ஊத்துனீங்க?"

"பாவம் டீச்சர், பெரியவரு துடிக்காரு."

"போன வாரம் ஷெட்டுல ஒருத்தர் மஞ்சக்காமாலையில கெடந்தாரு. வாசல்ல கட்டில் போட்டுத்தான் கெடந்தாரு. நாம எல்லாரும் பாத்தோம். அவருக்கு யாராவது ஒரு செம்பு ஊத்துனோமா?"

அவரவர் குடத்தை எடுக்கக் குனிந்தோம். அண்ணாச்சி வீட்டம்மாதான் கடைசியில் கேட்டார்கள். "அவன் யாரு, ஒங்கப்பா யாரு டீச்சர்?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "டீச்சர், எடுத்தா எடுங்க, இல்லன்னா கொட்டுங்க. பெரியவரு மேல உள்ள பிரியத்துல ஊத்துனோம். பிரியத்துக்கு எதுக்குக் காரணம்?"

"பிரியம் இல்லாதவனுக்கு யாரு ஊத்துவா? அத மட்டும் சொல்லிருங்க யக்கா, எடுத்துக்கிடுதேன்."

அவரால் அந்தக் குடத்தை எடுக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. நடுத்தெருவில் அது இருந்தது. அவர் வாசலுக்கும் கம்பத்துக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் எங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றிக்கொண்டு போனோம். நான் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு உள்ளே நாற்காலியில் பெரியவர், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கூப்பிடவில்லை.

தெருக்கோடியிலிருந்து அந்த மஞ்சள்காமாலைக்காரர் வந்தார். முப்பது வயதிருக்கும். கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. குழாயை நோக்கி வந்தவர் குடத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். தன் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். தூக்கத் தெம்பு இல்லை, நடுவில் ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். யோசனையில் நடந்துகொண்டிருந்த டீச்சரைத் தாண்டிக்கொண்டு போய், கேட்டைக் காலால் தள்ளி, பெரியவர் பக்கத்தில் இறக்கி, அங்கிருந்த டம்ளரில் சாய்த்துக் கொடுத்தார்.

டீச்சர் அப்போதுதான் பார்த்தார். "யப்பா, அந்தத் தண்ணிய" என்று ஓடினார். அதற்குள் அப்பா குடித்து முடித்துவிட்டு, இன்னொரு டம்ளருக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் வெளியே வந்ததும் டீச்சர் மறித்துக்கொண்டார். "நீங்க எதுக்குக் கொண்டு வந்து குடுத்தீங்க?" தப்பு செய்துவிட்டோமோ என்று அவர் பயந்துவிட்டார். மில்லில் கற்றுக்கொண்ட தமிழில் தேடித் தேடிச் சொன்னார்.

"தண்ணி வெயில்ல இருந்துச்சு அக்கா. தாத்தா பாத்துட்டே இருந்தாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா." தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போய்விட்டார்.

டீச்சர் அங்கேயே நின்றார். நடக்கவில்லை. அவர் அப்படி ஒரே இடத்தில் நின்று வெகுநேரம் யோசித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் வரிசையில் எனக்குப் பின்னால் அந்த ஆள், அவருக்குப் பின்னால் டீச்சர். நான் செம்பில் மொண்டு டீச்சர் குடத்தில் ஊற்றப் போனேன். கை பாதியில் நின்றுவிட்டது. டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. பாதியை அந்த ஆளின் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு மீதியை டீச்சர் குடத்தில் ஊற்றினேன். பிரியமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஏன் ஊற்றினீர்கள் என்று டீச்சர் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

பெரியவருக்குக் கல் கரைந்து, அதன் பிறகு சில வருஷம் நன்றாக இருந்து காலமானார். டீச்சருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வீட்டை விற்றார். வாங்கினவர் சுவரில் இருந்த குழாயை அடைத்துப் பூசிவிட்டார். அதற்குள் கூட்டுக் குடிநீர் எங்கள் பக்கம் வந்துவிட்டதால் யாரும் சண்டைக்குப் போகவில்லை. அந்த இடத்தில் சிமெண்டு மட்டும் நிறம் மாறித் தெரியும்.

கிளம்புகிற அன்று கடைக்கு வந்தார். வழக்கம்போல உட்காரவில்லை. "யக்கா, அந்த ஆளு அன்னைக்குச் சொன்னதுல ஒரு விதி இருக்கான்னு இன்னும் பாத்துக்கிட்டே இருக்கேன். எரக்கம்னு தள்ளவும் முடியல. அவர நாம யாரும் பிரியமா நடத்தல. அவருக்கு எங்கருந்து வந்துச்சு?"

"கெடைக்காட்டி விடுங்க டீச்சர்."

"விட முடியலயே" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

அவர் விடவில்லை, என்னையும் விடமாட்டேன் என்கிறார். முன்பெல்லாம் யார் வாசலில் வந்து தண்ணீர் கேட்டாலும் சும்மா கொடுத்துவிட்டுப் போவேன். இப்போது செம்பை நீட்டினால் உள்ளே ஒரு குரல் கேட்கிறது. இவருக்குக் கொடுக்கிறாய், ஷெட்டில் இருக்கிறவன் வந்து நின்றால் இதே முகத்தோடு கொடுப்பாயா? கொடுத்தாலும் நிம்மதி இல்லை, கொடுக்காவிட்டாலும் நிம்மதி இல்லை. படுத்தால் தூக்கம் வருவதில்லை. மாத்திரை என் கடையிலேயே இருக்கிறது. சீட்டு இல்லாமல் தரமாட்டேன்.